கூரை ஒழுகிய வருடத்தின் கட்-ஆஃப்

1

கூரை ஒழுகினால் விமானம் ஓட்டத் தேவையான புத்தி கூடுமா?

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். எனக்கும் வேறு வேலை பார்க்க நேரம் கிடைத்திருக்கும்.

உள்ளதைச் சொன்னால், கதை அவளிடம் தொடங்கவில்லை. பல் மருத்துவரின் வாசலறையில் தொடங்கியது. என் முறை வரும்வரை புரட்டுவதற்கு அங்கே கிடந்த பழைய வேலைவாய்ப்பு இதழில், போர் விமானிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் தேர்வின் மாதிரிக் கேள்விகள் இருந்தன. வட்டமாக இரண்டு மானிகள். ஒன்று விமானம் எந்தத் திசையில் போகிறது என்று காட்டுகிறது, மற்றது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டுகிறது. கீழே நான்கு விமானப் படங்கள். மானிகளுக்குப் பொருந்தும் படம் எது? கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். விடையைப் பார்த்தால், என் விமானம் தலைகீழாகக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. போர் விமானம் என்பதால் பயணிகள் இல்லை, அதுவரைக்கும் ஆறுதல்.

எனக்கு விமானம் ஓட்ட வராது என்பது அதிர்ச்சியான செய்தி அல்ல. என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. இந்தக் கேள்வியை ஒருத்தர் உட்கார்ந்து தயாரித்திருக்கிறாரே, அவர் யார்? கையில் ஒரு பொம்மை விமானத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்து, நம்மை ஏமாற்றக்கூடிய மூன்று தவறான படங்களைப் பொறுமையாக வரைந்தவர். எனக்கு ஏனோ அது ஒரு பெண்ணாகவே தெரிந்தது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

2

எழுதி, விட்டுவிட்ட தொடக்கங்கள்:

[அன்று வானம் மிகவும் தெளிவாக —

வேண்டாம். இந்தக் கதையில் யாரும் பறக்கப்போவதில்லை. வானத்துக்கு இங்கே வேலை இல்லை.

[அவள் ஓர் உளவியலாளர். அவளுடைய கணவர் —

பெண்ணைப் பற்றி எழுதினால் இரண்டாவது வாக்கியத்திலேயே என் கை கணவரைத் தேட ஆரம்பித்துவிடுகிறது. கணவர் இருக்கிறார், நல்ல மனிதர், வெளியூரில் வேலை. கதை முடியும்வரை அவர் அங்கேயே இருக்கட்டும்.

[தேர்வுக் கூடத்தில் ஊசி விழுந்தால்கூட —

அந்த ஊசி இதற்குள் எத்தனை கதைகளில் விழுந்திருக்கும்!

நேராகச் சொல்லிவிடுகிறேன். அவள் விமானப்படையின் ஆள்தேர்வு நிலையத்தில் உளவியலாளர், டாக்டர் பட்டம் வாங்கியவள். தேர்வுக் கூடம் ஜன்னல் இல்லாத நீளமான அறை. தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகளில் ஆளுக்கொரு திரை, ஒரு கைப்பிடி, காலுக்கு இரண்டு மிதி, காதுக்கு ஒரு ஹெட்போன். திரையில் ஓடும் புள்ளியைக் கைப்பிடியால் வட்டத்துக்குள் வைத்திருக்க வேண்டும். இன்னொரு புள்ளியைக் காலால் நடுக்கோட்டில் நிறுத்த வேண்டும். அதே நேரத்தில் காதில் எண்கள் வந்துகொண்டே இருக்கும். ஒற்றைப்படை எண் அடுத்தடுத்து இரண்டு வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். இதைக் கேட்ட அவளுடைய அக்கா, "அடுப்புல பால், கையில போன், வாசல்ல காலிங் பெல். இதுக்கு எதுக்குடி மெஷின்?" என்றாள்.

தேர்வு தொடங்குமுன் தேர்வர்களுக்கு ஒரு அறிவுரை வாசிக்கப்படும். அதை எழுதியவளும் அவள்தான், வாசிப்பவளும் அவள்தான். இந்தத் தொழிலில் அது கண்டிப்பான வழக்கம்: தேர்வர்களின் எல்லாத் தொகுதிக்கும் ஒரே வாசகம், ஒரே வேகம், ஒரே குரல். ஒரு சொல் கூடினாலோ ஒரு புன்னகை சேர்ந்தாலோ, அந்தத் தொகுதிக்குச் சலுகை கொடுத்ததாகிவிடும். அறிவுரையின் கடைசி வாக்கியம்: "உங்கள் தேர்ச்சி முழுக்க முழுக்க உங்கள் திறனை மட்டுமே பொறுத்தது." வருடக்கணக்காக ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இதை அவள் சொல்லிவருகிறாள். ஒரு வாக்கியத்தை மூன்றுமுறை அடிக்காமல் எழுதத் தெரியாத எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

அந்த வாக்கியத்தை அவள் வேலைக்காக மட்டும் சொல்லவில்லை. நம்பிச் சொன்னாள். சின்ன வயதில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அக்காவைத்தான் மடியில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். "சின்னது அப்பா சாயல்" என்று சொல்லிவிட்டு இவளிடம் பிஸ்கட்டை நீட்டுவார்கள். இவளுடைய முகத்தைப் பார்க்காமல் இவளை முதன்முதலில் மதித்தது ஒரு பரீட்சைத்தாள். அந்த நன்றியை அவள் மறக்கவில்லை. மனிதர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அப்பா யார், உயரம் எவ்வளவு, கைகுலுக்கும்போது அழுத்தம் எப்படி என்றெல்லாம் பார்ப்பார்கள். இயந்திரம் புள்ளியை மட்டும்தான் பார்க்கும்.

3

நிலையத்தின் தலைவர் ஒருகாலத்தில் பறந்தவர், இப்போது நாற்காலியில் இருப்பவர். ஊழியர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஓடுபாதை'. சொல்லவந்த விஷயம் மேலே கிளம்புவதற்குள் அவருடைய பேச்சு அவ்வளவு தூரம் தரையிலேயே ஓடும்.

"எங்க காலத்துல ஏதும்மா இதெல்லாம்? ஒரு டாக்டர் வந்து பல்லப் பாத்தார். ஒரு ஆபீசர் வந்து 'சைக்கிள் ஓட்டுவியா'ன்னார். 'கைய விட்டுட்டே ஓட்டுவேன் சார்'னேன். எடுத்துக்கிட்டாங்க."

தேர்வு இயந்திரம் வந்து இறங்கிய நாளில், விருந்தினர்கள் முன்னால் அவரே உட்கார்ந்து செய்துகாட்டினார். புள்ளி வட்டத்தை விட்டு வெளியே போனது போனதுதான், திரும்பி வரவே இல்லை. முடிவில் திரையில் வந்த மதிப்பெண்ணை யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. மறுநாள் இயந்திரம் பழுது என்று ஆள் வரவழைக்கப்பட்டார். வந்தவர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்து ஒன்றும் பழுதில்லை என்று சொல்ல முடியாததால், திரையைத் துணியால் நன்றாகத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறது.*

* அவருடைய மதிப்பெண் எனக்குத் தெரியும். சொல்லிச் சிரிக்க வைக்கலாம். ஆனால் இந்த மனிதர் ஒருமுறை தீப்பிடித்த விமானத்தைத் தரையில் கொண்டுவந்து இறக்கியவர். அதுவும் உண்மை, அந்தத் தேர்வு பொதுவாகச் சரியாகவே அளக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே பத்தியில் வைக்க எனக்குத் தெரியவில்லை. அதனால் ஒன்றை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டேன்.

இப்போது கட்-ஆஃப். எத்தனை மதிப்பெண் வாங்கினால் ஒருவருக்கு விமானி ஆகும் அறிவு இருக்கிறது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? பயிற்சி விடுதியில் எத்தனை கட்டில் இருக்கிறதோ அத்தனை பேர். மேலிருந்து எண்ணிக்கொண்டே வருவார்கள். கட்டில் தீரும் இடத்தில் அறிவும் தீர்ந்துவிடும். போன வருடம் அது அறுபதில் தீர்ந்தது.

இந்த வருடம் விடுதியின் புது மேல்மாடி முதல் மழையிலேயே ஒழுக ஆரம்பித்தது.

"மேல ஆள் தங்க முடியாது சார்" என்றார் விடுதிப் பொறுப்பாளர், கூட்டத்தில். "வாளி வச்சிருக்கோம். வாளி வைக்கவே இடம் பத்தல."

புள்ளிவிவரப் பிரிவில் இருப்பவருக்கு 'தசமம்' என்று பெயர். டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கேட்டாலும் ஒன்று புள்ளி ஐந்து என்பார். அவர் கணக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப அறுபத்தஞ்சு சார். அறுபத்தஞ்சு புள்ளி பூஜ்யம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கூரையைப் பற்றிய அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியது அப்போதுதான். தோன்றியதோடு சரி. தலையாட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

4

அக்காவுக்கு ஒரே மகள். இருபது வயதாகியும் வீட்டில் 'வாண்டு'தான். விமானி ஆவேன் என்று அவள் சொல்ல ஆரம்பித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். சொல்வதை அவள் நிறுத்தாதபோது, எல்லோரும் சித்தியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரே ஒரு கேள்வி காட்டு சித்தி. சாம்பிளுக்கு."

"தேர்வு அன்னிக்குப் பாரு."

"கண்ண மூடிக்கிட்டுப் பாக்கறேன், ப்ளீஸ்."

"விடுடி" என்றாள் அக்கா. "உங்க சித்தி பெரிய நீதிபதி. வீட்டுக்கு வந்தாலும் கோட்டக் கழட்ட மாட்டா."

அந்தக் கூட்டத்துக்குச் சில வாரம் முன்பு, தேர்வு நாளில், வாண்டு மார்பில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சித்தி வழக்கமான குரலில், வழக்கமான வேகத்தில் அறிவுரையை வாசித்தாள். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வாண்டு வாங்கியது அறுபத்து மூன்று.

கடிதம் போனது. தங்கள் அறிதிறன் விமானிப் பயிற்சிக்குத் தேவையான அளவைவிடக் குறைவாக உள்ளது, இத்தேர்வை வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே எழுத இயலும். இந்த ஒருமுறை விதிக்குக் காரணம் உண்டு: இரண்டாவது தடவை எழுதுகிறவர்கள் பழக்கத்தால் கூடுதலாக வாங்கிவிடுகிறார்கள், அப்போது திறன் எது, பழக்கம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. நியாயமான காரணம். அவளே எழுதிக் கொடுத்தது.

அக்கா போனில் வந்தாள். "உங்க ஆபீஸ்லேருந்து லெட்டர் வந்திருக்கு. என் பொண்ணுக்கு மூளை கம்மியாம். நீ எழுதினதா?"

"இல்லக்கா. அது அச்சடிச்சு வச்சிருக்கிற லெட்டர்."

"அச்சடிக்கறதுக்கு முன்னாடி எழுதினது யாரு?"

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். அக்கா விடவில்லை.

"ஸ்கூட்டியத் தொட மாட்டேங்கறா. நேத்து கடைக்குப் போடின்னா, பஸ்ல போறா. என்னன்னு கேட்டா, 'எனக்கு வண்டி ஓட்டற அறிதிறன் கம்மிம்மா, லெட்டர்ல போட்டிருக்கு'ங்கறா. இந்த ஊர்ல இண்டு இடுக்கெல்லாம் வண்டி ஓட்டின பொண்ணுடி அது."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை எழுதுவதா வேண்டாமா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். அறுபத்து மூன்று என்று தெரிந்த அந்தக் கணத்தில், வருத்தம் வந்து சேர்வதற்கு முன்னால், அவளுக்குள் மிகச் சின்னதாக ஒரு திருப்தி எட்டிப் பார்த்தது. எல்லோரும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டவளின் வீட்டுக்கு ஒருவழியாக ஒரு பரீட்சைத்தாள் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் அதை உடனே விரட்டிவிட்டாள். ஆனால் அது எந்த முகத்தோடு வந்தது என்பதை அவள் பார்த்துவிட்டாள். பிறகு நடந்த எதையும் அதை மறந்துவிட்டு அவளால் யோசிக்க முடியவில்லை.

5

யாரோ ஒரு தேர்வரின் அப்பா தலைமையகத்துக்கு மனுப் போட்டுவிட்டார். போன வருடம் அறுபது போதும், இந்த வருடம் அறுபத்தைந்து வேண்டும் என்றால், இந்த ஒரு வருடத்தில் விமானங்களுக்கு என்ன ஆயிற்று? தலைமையகம் அந்தக் கேள்வியை அப்படியே ஓடுபாதைக்கு அனுப்பிவைத்தது.

கூரை என்று பதில் போட முடியாது. கூரை உறுதியாக இருக்கிறது என்று சான்று கொடுத்தவர் அவர். திறப்புவிழாவில் நாடாவை வெட்டியவரும் அவர். அந்தப் புகைப்படம் அவருடைய அறையிலேயே தொங்குகிறது. கத்திரிக்கோல், புன்னகை, மேலே அந்தக் கூரை.

"உக்காருங்க டாக்டர். டீ சொல்லட்டுமா? நான் மொத மொதல்ல தனியாப் பறந்த அன்னிக்கு இப்படித்தான், எங்க இன்ஸ்ட்ரக்டர் டீ வாங்கிக் குடுத்தார். சர்க்கரையே இல்ல. ஏன் சார்னு கேட்டேன்..."

ஓடியது. டீ ஆறியது. பிறகு விஷயம் மேலே கிளம்பியது.

"விஷயம் ஒண்ணுமில்ல. சின்னதா ஒரு அறிக்கை. அறுபத்தஞ்சுக்குக் கீழ வாங்கினவங்களுக்கு விமானம் ஓட்டற அறிவு கிடையாதுன்னு ஆராய்ச்சியில தெரியவந்திருக்கு. நம்ம புள்ளிவிவரத்துக்காரர் எழுதிட்டார். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

"ஆராய்ச்சி யார் சார் பண்ணினது?"

"நீங்கதான்."

"எப்ப சார்?"

"கையெழுத்துப் போடும்போது."

அவர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னொண்ணு. தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கீழ்மாடியில ஒரு பையன் வீட்டுக்குத் திரும்பிட்டான், காதுல ஏதோ கோளாறு. ஒரு கட்டில் காலி. நல்லா காய்ஞ்ச கட்டில். உங்க அக்கா பொண்ணு அறுபத்து மூணுன்னு கேள்விப்பட்டேன்."

"அறுபத்து நாலு வாங்கினவங்க இருக்காங்க சார்."

"அதான் பிழை வரம்புன்னு ஒண்ணு இருக்காமே? எந்த மார்க்கும் மூணு அப்படி இப்படி இருக்கலாமாம். அப்படிப் பாத்தா உங்க பொண்ணு நியாயமா அறுபத்தாறு."

"அறுபதாவும் இருக்கலாம் சார்."

"நல்லதே நினைங்கம்மா. நாளைக்குக் காலையில சொல்லுங்க."

இவரைக் கெட்டவராக எழுத எவ்வளவோ முயன்றேன். [அவர் கண்களில் ஒரு குரூரமான — ] இல்லை, அவர் கண்களில் லேசாகப் புரை விழுந்திருந்தது, அவ்வளவுதான். அவர் பரிவோடுதான் சொன்னார். ஒரு பெண் பறக்க ஆசைப்படுகிறாள், ஒரு கட்டில் சும்மா கிடக்கிறது, ஒரு கூரையைப் பற்றிப் பேசாமல் இருக்க வேண்டும். மூன்றையும் ஒரே கையெழுத்தில் முடித்துவைப்பது அவருக்கு ஒரு நல்ல தரையிறக்கம் போலத்தான் தெரிந்திருக்கும்.

6

நடைவழியில் தசமத்தைப் பிடித்தாள்.

"இதுல எந்த எண்ணும் பொய் இல்ல மேடம்" என்றார் அவர், அவள் கேட்பதற்கு முன்னாலேயே. "ஒவ்வொண்ணும் ரெண்டு தடவ சரிபாத்துட்டேன்."

"எண்ணுக்கு நடுவுல இருக்கிற வார்த்தைங்க?"

"அது உங்க டிபார்ட்மென்ட்."

"அப்ப நீங்களே கையெழுத்துப் போடலாமே?"

"நான் எண்ணுக்கு மட்டும்தான் மேடம் பொறுப்பு. அறிவுங்கற வார்த்தைக்கு டாக்டர் வேணும்."

[அவள் அன்று இரவு முழுதும் உறங்காமல் — ] உறங்கினாள். கதைகளில் பெண்கள் முடிவெடுப்பதற்காக விழித்திருப்பார்கள். அவளுக்கு மறுநாள், அடுத்த சேர்க்கைக்கான ஒரு தொகுதித் தேர்வு இருந்தது. தூங்காமல் போனால் வாசிக்கும் வேகம் மாறிவிடும். ஆனால் தூங்குவதற்கு முன்னால், மாலையிலேயே, அக்கா வீட்டுக்குப் போனாள். ஏன் போனாள்? கேட்டேன். "போகணும்னு தோணுச்சு" என்றாள். அந்தத் திருப்திக்குப் பரிகாரம் தேடித்தான் போனாள் என்று நான் எழுதினால் மறுக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

7

அக்கா கட்டில் நிறையத் துணிகளைக் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். வாண்டு சுவரோடு சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி எல்லாவற்றையும் சொன்னாள்: கூரை, கட்டில்கள், அறுபத்தைந்து, அறிக்கை, காலியாக இருக்கும் ஒரு கட்டில்.

முதலில் வாண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "அப்ப நான் முட்டாள் இல்லியா? மழையா?"

"மழைதான்."

"அம்மா, கேட்டியா? எனக்கு மூளை இருக்கு. மேல கூரைக்குத்தான் மூளை இல்ல."

"இதுல என்னடி யோசனை உனக்கு?" என்று அக்கா தங்கையிடம் திரும்பினாள். "கையெழுத்துதானே? பேங்க்ல, போஸ்ட் ஆபீஸ்ல, எங்கெல்லாம் போடறோம், படிச்சுப் பாத்தா போடறோம்?"

வாண்டுவின் சிரிப்பு அதற்குள் நின்றுவிட்டது. "சித்தி, நாப்பத்தேழு இருக்கா இல்ல?"

நாற்பத்தேழு என்பது ஒரு பெண். தேர்வு நாளில் அடுத்த தடுப்பறையில் உட்கார்ந்திருந்தவள். மார்பில் குத்தியிருந்த எண்ணையே வாண்டு அவளுக்குப் பெயராக வைத்துவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

"அவ அறுபத்து நாலு. இப்ப எல்லார்கிட்டயும் தனக்குத் தலைசுத்தல் உண்டுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறா. ஒரு தலைசுத்தலும் கிடையாது அவளுக்கு. லெட்டர் வந்தப்புறம்தான் சுத்த ஆரம்பிச்சிருக்கு." போனைக் கவிழ்த்து வைத்தாள். "நீ கையெழுத்துப் போட்டா, அவளுக்கு அறிவு இல்லன்னு ஆயிடும். அவளை விட ஒண்ணு கம்மியா வாங்கின நான் போயிடலாம். அதானே?"

"அதான்."

இதற்கு அடுத்து வாண்டு என்ன சொல்ல வேண்டும் என்பதை நான் மூன்று விதமாக எழுதினேன். முதல் விதத்தில், "எனக்கு அப்படி ஒரு கட்டில் வேண்டாம் சித்தி" என்று எழுந்து போகிறாள். அழகாக இருந்தது. அடித்துவிட்டேன். இருபது வயதில், ஆசைப்பட்ட ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டாவதில் அவள் அழுகிறாள். அழுகை பதில் ஆகாது. மூன்றாவது இதுதான்:

"போடு" என்றாள் வாண்டு.

அக்காவின் கை மடித்துக்கொண்டிருந்த துணியில் நின்றது.

"போடு சித்தி. நான் பறந்தப்புறம் வெக்கப்பட்டுக்கறேன்." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "நாப்பத்தேழுகிட்ட மட்டும் கூரையப் பத்திச் சொல்லிடாத" என்றாள்.

8

காலையில் ஓடுபாதையின் மேசையில் அறிக்கை தயாராக இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கத்திலேயே வைத்திருந்தார். அவருடைய மரியாதை அப்படி.

"இது என்னால ஆகாது சார்."

"யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்."

"பொண்ணு என்ன சொல்லுது?"

"போடச் சொன்னா."

"அப்புறம் என்னம்மா?"

இங்கே அவள் பேசுவதற்காக ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். [அறிவு என்பது கட்டில்களை எண்ணிப் பங்கிடும் — ] நல்ல உரை. தாளம்கூட இருந்தது. அவள் அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் மனதில் ஓடியது உரை அல்ல. தலைசுற்றாத ஒரு பெண் தலைசுற்றுகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த ஒருத்தி பஸ்ஸில் போகிறாள். இதுவரை அதை எழுதியது ஓர் அச்சடித்த கடிதம். இனி எழுதப்போவது அவளுடைய கை.

பேனாவை மூடி, விசிறிக் காற்றில் பறந்துவிடாதபடி அறிக்கையின் மேலேயே வைத்தாள்.

"அந்தக் கட்டில் ரொம்ப நாள் காலியா இருக்காதும்மா" என்றார் அவர். மிரட்டல் இல்லை. வருத்தம்தான்.

"தெரியும் சார்."

9

இனி முடிவு. இந்தக் கதையின் சம்பிரதாயப்படி நான்கு தருகிறேன்:

(அ) தசமம் கையெழுத்துப் போடுகிறார், எண்ணுக்கு மட்டும். தலைமையகத்துக்கு எண்ணே போதுமாக இருக்கிறது. கூரை சரியான பிறகும் அறுபத்தைந்து நிலைத்துவிடுகிறது.

(ஆ) மழைக்காலம் முடிகிறது, கூரையைப் பூசுகிறார்கள், ஓடுபாதை மறுபடியும் நாடா வெட்டுகிறார். அடுத்த வருடம் விமானி ஆகத் தேவையான அறிவு அறுபதுக்கே இறங்கிவருகிறது.

(இ) வாண்டு சித்தியோடு பேசுவதை நிறுத்திவிடுகிறாள். ஒருநாள் ஆணியில் மாட்டியிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு நாற்பத்தேழின் வீட்டுக்குப் போகிறாள். அங்கே என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது.

(ஈ) மேற்சொன்ன எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும். வாழ்நாளில் ஒருமுறைதான். சரியான விடை பின்பக்கத்தில் இல்லை. என்னைக் கேட்டும் பயனில்லை: தலைகீழாகக் கடலுக்குள் போகும் விமானத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

நான் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஓடுபாதையின் அறையிலிருந்து நேராகத் தேர்வுக் கூடத்துக்குப் போ, காத்திருக்கும் தொகுதிக்கு வழக்கம்போல அறிவுரையை வாசி. அந்தக் கடைசி வாக்கியத்தை நீ உன் வழக்கமான குரலில் வாசிக்க, கேட்டுக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு உள்ளே சுருக்கென்று இருக்கும். நான் அங்கே புள்ளி வைத்துவிடுவேன். இவ்வளவு நேரம் உன்னோடு இருந்தேன், இதையாவது எனக்காகச் செய்.

போனாள். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தடுப்புகளுக்கு மேல் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. யாரோ ஒருவர் பதற்றத்தில் மிதியை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தாளை எடுத்தாள். ஒரே குரலில், ஒரே வேகத்தில் வாசித்தாள். கைப்பிடியை எப்படிப் பிடிக்க வேண்டும், பொத்தானை எப்போது அழுத்த வேண்டும், நடுவில் எழுந்திருக்கக் கூடாது. கடைசி வரிக்கு வந்தாள்.

"உங்கள் தேர்ச்சி முழுக்க முழுக்க

அத்தோடு நிறுத்தினாள். ஹெட்போனைக் கையில் பிடித்தபடி எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

"மேடம், இன்னும் ஒரு வரி இருக்கா?"

அவள் தாளை மடித்தாள். அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இல்லம்மா" என்றாள். "ஆரம்பிங்க."